கணக்கு லேப்டாப் திறக்கப் பன்னிரண்டு நிமிடம்: சந்தூர் வாசகிக்குப் பதில்

வாசகர் கடிதம்:

ஐயா, கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் மா ஒட்டுக்கன்று நர்சரி நடத்துகிறோம். 2016-ல் வாங்கிய லேப்டாப்பில்தான் டேலி கணக்கு, விலைப்பட்டியல், வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பும் கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. ஐ3-5005யு பிராசசர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும் நிலைக்கு வரப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. அதுவரை ஓரத்தில் உள்ள சின்ன விளக்கு அணையாமல் எரிகிறது, உள்ளே ‘கிர்... கிர்’ என்று சத்தம் கேட்கிறது. மதியத்துக்கு மேல் இன்னும் மோசம். இரண்டு முறை ஃபார்மேட் செய்தோம், ஒரு மாதம் நன்றாக ஓடிவிட்டுப் பழையபடி ஆகிவிட்டது. ஒரு கடைக்காரர் ராம் கூட்டச் சொல்கிறார், இன்னொருவர் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார். ஆடி பிறந்தால் கன்று விற்பனை தொடங்கிவிடும். அதற்குள் என்ன செய்யலாம்? மகனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் ஒன்றும் வீட்டில் சும்மா கிடக்கிறது, அது எதற்காவது பயன்படுமா?

பதில்:

நோயின் பெயரை உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஓரத்தில் அணையாமல் எரியும் அந்தச் சின்ன விளக்கு, ஹார்ட் டிஸ்க் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டும் விளக்கு. அது மினுக்கி மினுக்கி எரிந்தால் வட்டு அவ்வப்போது வேலை செய்கிறது என்று பொருள். பன்னிரண்டு நிமிடமும் விடாமல் எரிந்தால், கணினியின் மற்ற உறுப்புகள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்காகக் காத்திருக்கின்றன என்று பொருள். இருபது ஆண்டுகளாகத் தருமபுரியில் இந்தப் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். ‘லேப்டாப் மெதுவாகிவிட்டது’ என்று என் மேசைக்கு வரும் இந்த வயதுக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான். ஆகவே ராம் (ஓடும் மென்பொருள்களைத் தற்காலிகமாகத் தாங்கும் நினைவகம்), புதிய லேப்டாப் என்ற இரண்டு யோசனைகளையும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் வட்டு) பொருத்துங்கள் என்பதுதான் என் பதில். அதைச் செய்வதற்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. அவற்றில் ஒன்றிரண்டைத் தவறவிட்டால் வேகம் கிடைக்கும், கணக்கு போய்விடும்.

என் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம், நீங்களே ஒரு முறை சோதித்துப் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு (பிராசசர்), மெமரி (ராம்), டிஸ்க் என்று வரிசையாகச் சதவீதங்கள் ஓடும். லேப்டாப் திணறிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, சிபியு பத்து இருபதுக்குள் இருந்தால், நான் மேலே சொன்னது உறுதியாகிவிடும். மாறாக, டிஸ்க் ஓய்வாக இருந்து சிபியு 100-ல் நின்றால் கதை வேறு. அப்போது ஏதோ ஒரு மென்பொருளோ வைரஸோ பிராசசரை விழுங்கிக்கொண்டிருக்கிறது. எந்தப் பெயர் முதலிடத்தில் நிற்கிறது என்று அந்தப் பட்டியலிலேயே பார்த்துவிடலாம். இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் நேராக ‘ராம் போடுங்கள்’ என்று சொல்பவரிடம் லேப்டாப்பைக் கொடுக்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்பதை உங்கள் நர்சரியை வைத்தே சொல்லிவிடலாம். ஒரே பாத்தியில் இருக்கும் 500 பெங்களூரா கன்றுகளை வண்டியில் ஏற்ற வேண்டுமென்றால் ஓர் ஆளே விறுவிறுவென்று ஏற்றிவிடுவார். அதே 500 கன்றை, ஒன்று மல்கோவா, ஒன்று செந்தூரா, ஒன்று நீலம், ஒன்று பங்கனப்பள்ளி என்று தோட்டத்தின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து வரச் சொன்னால், அந்த ஆளின் நேரமெல்லாம் நடையிலேயே போய்விடும். ஹார்ட் டிஸ்க்கின் நிலையும் இதுதான். பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது அது மோசமில்லை, நொடிக்கு 100 எம்பி அளவுக்குக்கூடத் தந்துவிடும். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது கேட்பது ஒரு பெரிய கோப்பை அல்ல. வட்டின் மூலைக்கொன்றாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை அது கேட்கிறது.

உள்ளே இருப்பது சுழலும் தட்டு. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி ஆகிறது. வேண்டிய இடம் ஊசியின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசி தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்குப் பத்துப் பன்னிரண்டு மில்லி நொடி. இரண்டையும் கூட்டினால் ஒரு துண்டை எடுக்க ஏறத்தாழ 17 மில்லி நொடி, நொடிக்கு அறுபது துண்டு. உங்களுக்குக் கேட்கும் ‘கிர்... கிர்’ என்பது அந்தக் கை அங்குமிங்கும் ஓடும் சத்தம். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் கையும் இல்லை. எல்லாம் சிப்புகள். ஆகவே எந்த மூலையில் உள்ள துண்டையும் ஒரே அளவு நேரத்தில் எடுத்துவிடும், சாதாரண விலையில் கிடைப்பதே நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுக்கும். விளம்பரத்தில் நொடிக்கு 550 எம்பி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. உங்கள் பன்னிரண்டு நிமிடத்தை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவரப் போவது, துண்டு துண்டாகக் கேட்டாலும் சளைக்காத அந்தக் குணம்தான்.

ஃபார்மேட் செய்ததும் ஒரு மாதம் நன்றாக ஓடியதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. புதிதாக நிறுவிய விண்டோஸ் காலியான வட்டில் வரிசையாக அடுக்கப்படுகிறது, கூடவே தொடங்கும் மென்பொருள்களும் குறைவு. நாளாக நாளாகப் புதுப்பிப்புகளும் மென்பொருள்களும் சேர்ந்து, கேட்கும் துண்டுகளின் எண்ணிக்கை கூடி, அவை சிதறியும் போகின்றன. எடுத்து வரும் ஆள் மட்டும் அதே பழைய ஆள். மூன்றாவது முறை ஃபார்மேட் செய்தாலும் கிடைக்கப்போவது இன்னொரு நல்ல மாதம்தான்.

இனி முக்கியமான எச்சரிக்கைக்கு வருகிறேன். பத்து ஆண்டு ஓடிய ஹார்ட் டிஸ்க் மெதுவாகிறது என்றால், அது வெறும் வயதா அல்லது சாகும் முன் வரும் தளர்ச்சியா என்று பார்த்தாக வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒன்று உண்டு. அதைத் திறந்தால் வட்டின் உடல்நிலையை ‘குட்’, ‘காஷன்’, ‘பேட்’ என்ற சொற்களில் காட்டும். கீழே உள்ள பட்டியலில் 05 என்ற வரியையும் சி5 என்ற வரியையும் பாருங்கள். முதலாவது, கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம். சி5-ல் எண் ஏறியிருந்தால் அன்றைக்கே மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். ‘கிர்... கிர்’ என்ற சத்தம் மாறி ‘டக்... டக்’ என்று தட்டும் சத்தமாகிவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை போட்டுப் பார்ப்பதும் உள்ளே இருப்பதை அழிக்கும் வேலைதான்.

வட்டு நலமாக இருந்தாலும் பிரதி எடுக்காமல் லேப்டாப்பைக் கடைக்கு அனுப்பாதீர்கள். ‘எல்லாம் எடுத்துட்டோம்’ என்று வாடிக்கையாளர்கள் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன், ஏனென்றால் டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் எடுப்பவர்கள் மற்ற இரண்டை மறந்துவிடுகிறார்கள். முதலாவது டேலி. அதன் தரவு பெரும்பாலும் வேறு கோப்புறையில் இருக்கும். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அந்தக் கோப்புறையின் முகவரி தெரியும், அதைக் குறித்துக்கொண்டு முழுக் கோப்புறையையும் பிரதி எடுங்கள். அதோடு, உங்களிடம் இருப்பது பணம் கட்டி வாங்கிய லைசென்ஸ் என்றால், அது அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டிருக்கும். பழைய வட்டைக் கழற்றுவதற்கு முன் டேலிக்குள்ளேயே லைசென்ஸை ‘சரண்டர்’ செய்துவிட்டு, புதிய வட்டில் மீண்டும் செயல்படுத்திக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் வட்டை மாற்றிவிட்டு, ஆடி முதல் வாரத்தில் பில் போட முடியாமல் டேலி உதவி மையத்துக்குத் தொலைபேசியில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, தமிழ் எழுத்துருக்கள். இதைக் கடைக்காரர்கள் கேட்கவே மாட்டார்கள். உங்கள் பழைய விலைப்பட்டியலும் கடிதங்களும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை என்றால், அந்தக் கோப்புகளுக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துக்கள். எழுத்துருதான் அவற்றைத் தமிழ் உருவமாகக் காட்டுகிறது. புதிய வட்டில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், ‘மல்கோவா ஒட்டு’ என்று நீங்கள் அடித்து வைத்த வரி பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் திறக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி அழித்தவர்களும் உண்டு. சி டிரைவில் விண்டோஸ் என்ற கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து நீங்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக்களை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்காரர் கொடுத்தார் என்று முந்நூறு, நானூறு எழுத்துருக்களைப் போட்டு வைத்திருந்தால் அவை எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். வேர்டு திறக்கும்போது அவற்றையும் படித்துக்கொண்டுதான் திறக்கும்.

எஸ்.எஸ்.டி. வாங்கும்போது ‘இரண்டரை அங்குல சாட்டா’ வகையைக் கேளுங்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே இடத்தில் அதே இணைப்பில் அது உட்காரும். இப்போது அதிகம் விற்கும் என்.வி.எம்.இ. என்ற பட்டை வடிவ எஸ்.எஸ்.டி. இதைவிட வேகம்தான், ஆனால் உங்கள் காலத்து லேப்டாப்கள் பலவற்றில் அதற்கான இடமே கிடையாது. கொள்ளளவைப் பொறுத்தவரை 1 டிபியின் இடத்தில் 1 டிபிதான் வேண்டும் என்பதில்லை. இப்போது எத்தனை ஜிபி நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். கணக்கும் கடிதமும் கன்றுகளின் படங்களும் 150 ஜிபியைத் தாண்டாது என்றே நினைக்கிறேன். அப்படியானால் 480 அல்லது 500 ஜிபி தாராளம். ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும், நிரம்பி வழியும் எஸ்.எஸ்.டி.யும் தளர்ந்துவிடும். விலை சில மாதங்களாக ஏறுமுகமாக இருப்பதால் எண் எதையும் எழுதாமல் விடுகிறேன். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்துக் கடைகளில் ஒரு விலை கேட்டு, பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய்வருபவர் யாராவது இருந்தால் அங்கும் ஒரு விலை கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே வாங்கினாலும் பில்லும் மூன்று ஆண்டு உத்தரவாதமும் வேண்டும். பெயர் தெரியாத கம்பெனியின் 2 டிபி எஸ்.எஸ்.டி. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அதைத் தொடாதீர்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் சந்தையில் இருக்கின்றன, அவை நிரம்பத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பழைய வட்டில் உள்ளதை அப்படியே புதியதில் இறக்கும் ‘குளோனிங்’ முறை ஒன்று உண்டு. அதில் மென்பொருள்களை மீண்டும் நிறுவ வேண்டியதில்லை என்பதால் கடைக்காரருக்கு எளிது. உங்கள் கணினிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு முறை வெளியில் ஃபார்மேட் செய்திருக்கிறீர்கள், அப்போது எந்த விண்டோஸைப் போட்டார்கள், அதைச் செயல்படுத்த எந்த ‘ஆக்டிவேட்டரை’ (உரிமம் இல்லாமலே விண்டோஸை இயங்க வைக்கும் திருட்டு மென்பொருளை) ஓட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அத்தகைய ஆக்டிவேட்டரை ஓட்டுவதற்காக விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பை நிறுத்தி வைப்பது வழக்கம், அந்த இடைவெளியில் உள்ளே வருபவை எவை என்று யாருக்கும் தெரியாது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அந்தக் குப்பையையும் சேர்த்துக் குளோன் செய்ய வேண்டாம். லேப்டாப்பை விண்டோஸோடு வாங்கியிருந்தால் அதன் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தன் இணையதளத்தில் தரும் நிறுவல் கோப்பைக் கொண்டு அதே பதிப்பை நிறுவினால் அது தானாகவே செயல்பட்டுவிடும், யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே கடைக்காரரிடம், ‘புதிதாகப் போடுங்கள், ஒரிஜினல் கோப்பிலிருந்து போடுங்கள், ஆக்டிவேட்டர் வேண்டாம்’ என்று மூன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

புதிய விண்டோஸ் வந்த பிறகு எதையெல்லாம் போடாமல் இருக்கிறீர்கள் என்பதில்தான் வேகம் நிலைக்கிறது. ‘கணினியை வேகமாக்கும்’ மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும், அதன் மேல் இன்னோர் ஆன்டிவைரஸைச் சுமத்துவது உங்கள் பிராசசருக்குத் தண்டனை. டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பக்கத்தில், கணினி திறக்கும்போதே கூடத் தொடங்கும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். தேவையற்றவற்றை ‘டிசேபிள்’ செய்துவிடலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுமையாக அணைவதில்லை. அடுத்த முறை விரைவாகத் திறப்பதற்காகத் தன் உள்நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு உறங்கப் போகிறது. தினமும் அணைத்து அணைத்துப் போட்டாலும் பல வாரக் குழப்பம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வாரத்துக்கு ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள்.

ராம் பற்றி உங்கள் கடைக்காரர் சொன்னது தவறில்லை, வரிசைதான் தவறு. 4 ஜிபியில் விண்டோஸும் டேலியும் ஓடும், கூடவே குரோமில் வாட்ஸப் வெப், வங்கித் தளம், நான்கைந்து டேப் என்று திறந்தால் போதாமல் போகும். போதாதபோது விண்டோஸ் ராமில் இருப்பதை வட்டுக்கு இறக்கி ஏற்றும். அந்த இறக்கு ஏற்று ஹார்ட் டிஸ்க்கில் நடந்தால் லேப்டாப் உறைந்து நிற்கும், எஸ்.எஸ்.டி.யில் நடந்தால் சற்றே தயங்கும், அவ்வளவுதான். எஸ்.எஸ்.டி. போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் இன்னொரு 4 ஜிபி சேர்க்கலாம். உங்கள் பிராசசருக்கு வேண்டியது குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் டிடிஆர்3எல், டிடிஆர்3 அல்ல. கடைசி எழுத்தைக் கவனித்து வாங்குங்கள். எஸ்.எஸ்.டி.யை முதலில் வாங்கச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த லேப்டாப் ஒருநாள் முற்றிலும் ஓய்ந்துவிட்டாலும் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு வேறு கணினியில் பயன்படுத்திக்கொள்ளலாம். டிடிஆர்3எல் ராம் இப்போது விற்கும் எந்த லேப்டாப்பிலும் ஏறாது.

‘மதியத்துக்கு மேல் இன்னும் மோசம்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதை நான் விட்டுவிடவில்லை. அது வட்டின் நோய் அல்ல, சூடு. பிராசசர் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பர்கூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையிலிருந்து ஒரு முறை ஒரு லேப்டாப் வந்தது. திறந்து பார்த்தால், விசிறிக்கும் அதை ஒட்டியிருக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் வெள்ளைத் தூளும் நூலிழையும் சேர்ந்து கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது உதிரவில்லை, ஒரே துண்டாக உரிந்து வந்தது. விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்று போக வழிதான் இல்லை. உங்கள் நர்சரியில் கிரானைட் தூள் இல்லாவிட்டாலும், செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து பை நிரப்புகிறீர்கள், தென்னை நார்க்கழிவும் இருக்கும். அந்த இடத்தை ஒட்டிய அறையில்தான் லேப்டாப் இருக்கிறது என்றால், உள்ளே என்ன படிந்திருக்கும் என்று திறக்காமலே சொல்லலாம்.

எஸ்.எஸ்.டி. போடுவதற்கு எப்படியும் அடிமூடியைக் கழற்றுவார்கள். அதே கையோடு விசிறியையும் தகடுகளையும் சுத்தம் செய்து, பிராசசர் மீது சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள், பத்து ஆண்டில் அது காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். புளோயர் வைத்து ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளாமல் ஊதினால், அது தாறுமாறான வேகத்தில் சுற்றிப் பேரிங் போய்விடும். இதை நீங்கள் அருகில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது. மூடி திறந்திருக்கும்போதே பேட்டரியையும் ஒரு பார்வை பாருங்கள். அது உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலெழும்பி அழுத்த முடியாமல் இருந்தாலோ, அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, உடனே மாற்றிவிட வேண்டும். டூப்ளிகேட் சார்ஜரைப் போட்டால், அதை அடையாளம் காண முடியாமல் பிராசசர் வேகத்தைக் குறைத்துவிடும் லேப்டாப்களும் உண்டு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு லேப்டாப்பை மெத்தை மீதோ சாக்கு மீதோ வைக்காதீர்கள், அடியில் உள்ள காற்றுத் துளை மூடிக்கொள்ளும்.

விண்டோஸ் 10 பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனிநபர் கணினிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பெறும் வசதியைத் தந்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் அதற்கான பதிவு இருக்கும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும். உங்களுடையது ஐந்தாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பவர்கள் இருப்பார்கள். விளையாட்டுக்கு வைத்திருக்கும் கணினி என்றால் ஏற்றிப் பாருங்கள் என்பேன், கணக்குக் கணினியில் வேண்டாம். அந்தத் தேதிக்குப் பிறகு இந்த லேப்டாப்பை டேலிக்கும் கடிதத்துக்கும் மட்டும் இணையம் இல்லாமல் வைத்துக்கொண்டு, வங்கி வேலையைக் கைப்பேசியில் செய்துகொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டால் இன்னும் இரண்டு மூன்று விற்பனைக் காலத்தை இது தாங்கும். மூடியின் கீல் உடைந்து திரையும் ஆட்டம் கண்டிருந்தாலோ, மதர்போர்டில் பழுது என்று தெரிந்தாலோ மட்டும், இதில் எதையும் செலவழிக்காமல் புதிதுக்கே போய்விடுங்கள்.

மகனின் அரசு லேப்டாப்பைத் தூக்கி எறிய வேண்டாம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் (லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) சேர்த்தே கொடுத்தார்கள். மாணவர்களில் அதைத் திறந்து பார்த்தவர் குறைவு. அதில் இப்போது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம். 2 ஜிபி ராமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் சிரமமில்லாமல் ஓடும், தமிழில் தட்டச்சு செய்யவும் வழி உண்டு. டேலி அதில் நேரடியாக ஓடாது என்பதால் கணக்குக்கு ஆகாது. ஆனால் மின்னஞ்சல் பார்ப்பதற்கும், வாட்ஸப் வெப்பில் வரும் ஆர்டர்களைக் கவனிப்பதற்கும் அதை ஒதுக்கிவிட்டால் உங்கள் முதன்மை லேப்டாப்பின் சுமை பாதி குறைந்துவிடும். அதன் லினக்ஸுக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்பதால், அக்டோபருக்குப் பிறகு இணைய வேலைக்கு இந்த இரண்டில் அதுவே பாதுகாப்பானது.

ஆடிக்கு முன் செய்வதானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரதி எடுக்கும் வேலையை முடித்து, டேலி லைசென்ஸைச் சரண்டர் செய்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் கடைக்குக் கொண்டு போங்கள். கடையில் வேறு நெருக்கடி இல்லையென்றால் ஒரே நாள் வேலை. திரும்பி வந்ததும் டேலியைத் திறந்து, கடைசியாகப் போட்ட பில்லின் எண் சரியாக இருக்கிறதா என்றும், பழைய விலைப்பட்டியல் ஒன்று தமிழில் தெளிவாகத் திறக்கிறதா என்றும் கடையிலேயே பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை ‘அது எதுக்குங்கம்மா, இங்கேயே இருக்கட்டும்’ என்பார்கள். விட்டுவிட்டு வராதீர்கள். பத்து ஆண்டு வியாபாரிகளின் முகவரியும் வரவு செலவும் அதில்தான் இருக்கின்றன. கேட்டு வாங்கி வந்து, புதிய வட்டில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று உறுதியாகும் வரை ஒரு விற்பனைக் காலம் முழுவதும் பீரோவில் வைத்திருங்கள்.